கேட்டதும் சொன்னதும்: ஆயிரம் வண்டு நீளத்தில் ஓர் உடும்பு

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி உடும்பைப் பற்றி, மீதியில் பாதி வண்டைப் பற்றி. போன இதழில் தித்திவங்சா ஏரிக்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு பியாவாக்கை, அதாவது நீர் உடும்பைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன், அதன் விளைவு என்று நினைக்கிறேன். வாடகைத் தகராறு, மருமகள் தகராறு கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, என் மகன் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். வகுப்பில் சீட்டுக் குலுக்கி, ஆளுக்கு இரண்டு உயிரினம் கொடுத்து, இரண்டையும் ஒப்பிட்டு ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார் ஆசிரியை. முதல் சீட்டில் கொமோடோ டிராகன் வந்ததும் குதித்தான். இரண்டாவது சீட்டில் செம்பனைப் பூ வண்டு. அழுதே விட்டான். "வண்டப் பத்தி என்னம்மா இருக்கு, பேசறதுக்கு?" என்கிறான். எனக்கும் பதில் தெரியவில்லை. உதவுங்கள். (செந்தூலில் இருந்து ஓர் அம்மா)

பதில்: தம்பியை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள் அம்மா, சீட்டில் அவனுக்கு வந்ததுதான் வகுப்பிலேயே நல்ல ஜோடி. சிங்கமும் புலியும் கிடைத்த பிள்ளை இரண்டாவது நிமிடத்திலேயே திணறப் போகிறது, பாருங்கள்.

கொமோடோ என்கிற ராட்சத உடும்பைச் சீக்கிரம் முடித்துவிடலாம், அதைப் பற்றி அவனுக்கே பாதி தெரிந்திருக்கும். இந்தோனேசியாவில் கொமோடோ, ரிஞ்சா, புளோரஸ், அதை ஒட்டிய ஒன்றிரண்டு சின்னத் தீவுகள், உலகத்திலேயே அவ்வளவுதான் அதன் காடு. பெரிய ஆண் மூன்று மீட்டர் வரை வளரும், எடை 70 கிலோ அளவில் இருக்கும். அளந்து பதிவு செய்ததில் மிகப் பெரியது 3.13 மீட்டர், 166 கிலோ, ஆனால் அந்த எடையில் வயிற்றில் கிடந்த இரையும் சேர்த்தி. ஒரே வேளையில் தன் எடையில் 80 விழுக்காடு வரை தின்னக்கூடிய பிராணியை எப்போது நிறுத்துப் பார்க்கிறோம் என்பதும் ஒரு விஷயம்தானே. அறுபது பற்கள், எல்லாம் ரம்பம் மாதிரி. அந்தப் பற்களின் விளிம்பில் ஆரஞ்சு நிறத்தில் இரும்புப் பூச்சு இருப்பதை 2024-இல் கண்டுபிடித்தார்கள். இதைத் தம்பி கட்டாயம் சொல்லட்டும், வகுப்பு வாயைப் பிளக்கும்.

ஒரு திருத்தத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கொமோடோவின் எச்சிலில் கிருமி மண்டிக் கிடக்கும், கடிபட்ட எருமை அந்தக் கிருமியால்தான் சாகும் என்று நாமெல்லாம் படித்தோம். 2009-இல் அதன் கீழ்த்தாடையில் விஷச் சுரப்பிகள் இருப்பதைக் காட்டினார்கள். அந்த விஷம் இரத்தத்தை உறையவிடாமல் ஓட வைக்கும், கடிபட்ட விலங்கு துவண்டு போகும். ஆசிரியை பழைய கதையைச் சொன்னால் பணிவாகத் திருத்தலாம், சண்டை வேண்டாம்.

இனி வண்டு. அளவு மூன்று மில்லிமீட்டர், மிஞ்சிப் போனால் நான்கு. மூன்று மீட்டர் உடும்பின் நீளத்துக்கு ஆயிரம் வண்டுகளை வரிசையாக நிறுத்தலாம், கணக்கு அவ்வளவு சுத்தமாக வருகிறது, கரும்பலகையில் எழுதிக் காட்டட்டும். கூன்வண்டு இனம், அதாவது முகத்தின் முன்னால் யானைத் துதிக்கை மாதிரி ஒரு மூக்கு வளைந்து நிற்கும். சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. கொமோடோ முட்டை பொரிய ஏழெட்டு மாதம் பிடிக்கும், குட்டி வளர்ந்து தானும் முட்டையிட எட்டொன்பது வருஷம். இந்த வண்டு முட்டையிலிருந்து முழு வண்டாக இரண்டு வாரம் போதும். ஒரு கொமோடோ முட்டைக்குள் படுத்திருக்கும் நேரத்தில் வண்டு வீட்டில் பத்துத் தலைமுறைக்கு மேல் பிறந்து செத்திருக்கும்.

வித்தியாசத்தை மட்டும் அடுக்கினால் பேச்சு சந்தைக் கணக்கு மாதிரி ஆகிவிடும். ஒற்றுமை ஒன்று இருக்கிறது, அதைப் பிடிக்கட்டும்: இரண்டும் வாசனையால் பிழைக்கிறவை. கொமோடோ நாக்கை வெளியே நீட்டி நீட்டி இழுப்பது நம்மைப் பயமுறுத்த இல்லை, காற்றில் மிதக்கும் வாடையை நாக்கில் ஒட்டிக்கொண்டு போய் வாய்க்கு மேலண்ணத்தில் உள்ள ஓர் உறுப்பில் கொடுக்கிறது, நாக்கு இரண்டாகப் பிளந்திருப்பதால் வாடை இடப்பக்கம் தூக்கலா வலப்பக்கம் தூக்கலா என்றுகூடத் தெரிந்துவிடும். இப்படித்தான் சில கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் செத்த மானைத் தேடி நடந்து போகிறது. வண்டுக்கு நாக்கு வேலை இல்லை, தலையில் இரண்டு கொம்பு போல உணர்கொம்பு. அது தேடுவது பிணவாடையை அல்ல, சோம்பு வாசனையை. ஆமாம், நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிச் சோம்புதான்.

கதை விடுவதாக நினைக்க வேண்டாம். கோல சிலாங்கூர் பக்கம் என் மைத்துனருக்கு மூன்று ஏக்கர் செம்பனை இருக்கிறது. போன வருஷம் அங்கே விரிந்த ஆண் பூ ஒன்றை அரிவாளால் வெட்டிக் கொடுத்தார். செம்பனையில் ஆண் பூங்கொத்து தனி, பெண் பூங்கொத்து தனி, ஒரே மரமே கொஞ்ச காலம் ஆண் பூ விடும், கொஞ்ச காலம் பெண் பூ விடும். ஆண் பூ பார்க்க ஒரு கை நிறைய விரல்களைக் கட்டி வைத்தது மாதிரி இருக்கும், விரல் முழுக்க மஞ்சள் தூள். பழைய நாளிதழை விரித்து அதன் மேல் ஒரு உதறு உதறினேன். எள்ளைக் கொட்டினாற்போல் விழுந்தன, கருப்பும் பழுப்புமாய், அடுத்த நொடியே எள் நடக்க ஆரம்பித்தது. குனிந்து மோந்து பார்த்தால் கல்யாண விருந்து முடிந்து தட்டில் நீட்டுவார்களே, அந்தச் சோம்பு வாசனை, கொஞ்சம் கூடுதல் தித்திப்பாக. ஒரு வண்டைக் கட்டை விரல் நகத்தின் மேல் விட்டேன், நகத்தின் அகலத்தைக் கடக்க அதற்கு ஏழெட்டு அடி எடுத்து வைக்க வேண்டியிருந்தது, நடந்த வழியெல்லாம் மஞ்சள் பொட்டு.

அந்த மஞ்சள் பொட்டுதான் இந்த நாட்டில் செய்த வேலை என்னவென்று அடுத்த கடிதத்தைப் படித்தால் புரியும். அதே வாரத்தில் கிள்ளானிலிருந்து வந்தது. இரண்டையும் சேர்த்தே படியுங்கள், தம்பிக்கு மீதி மூன்று நிமிடமும் அதில் கிடைத்துவிடும்.

கேள்வி: தம்பி, எனக்கு எழுபத்து நாலு வயது, பேத்தியை எழுதச் சொல்லி அனுப்புகிறேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தோட்டத்தில் செம்பனைப் பூவுக்குப் பொடி அடிக்கிற வேலை பார்த்தேன். விடிவதற்கு முன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, அது முடிந்ததும் பொடி போத்தலை வாங்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் போவோம். பெண் பூ விரிந்திருக்கிறதா என்று மட்டை முள்ளுக்குள் கையை விட்டுப் பார்த்து, போத்தலை அமுக்கிப் பொடியை ஊத வேண்டும். சாயங்காலம் தலையெல்லாம் வெள்ளையாக இருக்கும். ஒரு வருஷம் திடீரென்று இனிமேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்று கங்காணிக்கும் தெரியவில்லை, கிராணிக்கும் தெரியவில்லை. எங்களை உதிரிப் பழம் பொறுக்கப் போட்டார்கள். இப்போது பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் மரத்துக்கு யாராவது பவுடர் போடுவார்களா என்று சிரிக்கிறார்கள். அது நிஜமான வேலைதானா, இல்லை எங்களை வைத்து விளையாடினார்களா? (கிள்ளானில் இருந்து ஒரு பாட்டி)

பதில்: பாட்டி, நிஜமான வேலை. நீங்கள் எல்லாம் அதைச் செய்யாதிருந்தால் அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் குலை பாதி பதராகப் போயிருக்கும். உங்கள் போத்தலில் இருந்தது ஆண் பூவிலிருந்து சேர்த்துக் காய வைத்த மகரந்தம், அதை வெள்ளைத் தூளோடு, அதாவது முகத்துக்குப் போடும் பவுடரில் இருக்கும் அதே டால்க் தூளோடு கலந்திருப்பார்கள். ஆகவே பேரப்பிள்ளைகள் சொல்வதும் பாதி சரி, மரத்துக்குப் பவுடர்தான் போட்டீர்கள். பெண் பூ இரண்டு மூன்று நாள்தான் மகரந்தத்தை ஏற்கும், அதனால்தான் அதே வரிசைக்குத் திரும்பத் திரும்ப உங்களை அனுப்பினார்கள்.

ஏன் நின்றது என்ற கதை கொஞ்சம் நீளம். செம்பனை நம் ஊர் மரம் கிடையாது, ஆப்பிரிக்க மரம். 1848-இல் நான்கே நான்கு கன்றுகள் ஜாவாவில் உள்ள போகோர் தாவரத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. (செந்தூல் தம்பி, இங்கே காதைக் கொடு: 1912-இல் கொமோடோ உடும்புக்கு முதன்முதலில் அறிவியல் பெயர் வைத்து எழுதிய ஓவன்ஸ் என்ற டச்சுக்காரரும் அதே போகோரில் விலங்கியல் அருங்காட்சியகத் தலைவராக இருந்தவர்தான். உன் இரண்டு சீட்டும் ஒரே ஊரில் வந்து நிற்கின்றன.) மலாயாவில் வியாபாரத்துக்காக முதலில் நட்டது 1917-இல், சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில். பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், செம்பனையின் முதல் தோட்டத்துக்குத் தென்னைமரத்தின் பெயர்.

மரம் வந்தது, மரத்தோடு இருந்த வண்டு வரவில்லை. கன்றாகவும் கொட்டையாகவும் வந்ததில் பூச்சி எப்படி வரும்? நூறு வருஷத்துக்கு மேல் அதை யாரும் தேடவும் இல்லை, ஏனென்றால் செம்பனைக்கு மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பது காற்று என்று படித்தவர்கள் எல்லோரும் உறுதியாக நம்பினார்கள். காய் சரியாகப் பிடிக்காத இடத்தில் காற்று போதவில்லை என்று முடிவு கட்டி, காற்றின் வேலையை உங்களிடம் கொடுத்தார்கள். மலாயாத் தீபகற்பத்திலாவது ஒரு வகை இலைப்பேன் கொஞ்சம் உதவியது, சபாவில் நிலைமை இன்னும் மோசம்.

மலாயாவிலும் கேமரூனிலும் தோட்டத்தில் வேலை செய்த லெஸ்லி டேவிட்சன் என்பவர் வித்தியாசத்தைப் பார்த்தார். கேமரூனில் ஆண் பூவைச் சுற்றி ஒரே பூச்சி மயம், இங்கே ஒன்றும் இல்லை. அங்கே யாரும் பொடி அடிப்பதில்லை, குலை கொழுத்திருக்கிறது. இதைச் சொன்னபோது எடுத்த எடுப்பில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பல வருஷம் கழித்து, 1970-களின் பின்பாதியில்தான், பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் கேமரூனுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தார். காற்று போகலாம், பூச்சி போக முடியாது என்கிற மாதிரி பூவை மூடி வைத்தால் காய் சரியாகப் பிடிக்கவில்லை. அப்புறம் என்ன சந்தேகம்?

வண்டு செய்வது நல்லெண்ணத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது ஆண் பூவைத் தின்று, அங்கேயே முட்டையிட்டு, வாடிய ஆண் பூவிலேயே புழுவாக வளர்கிறது. பெண் பூவில் அதற்கு ஒன்றுமே கிடையாது. ஆனால் பெண் பூவும் அதே சோம்பு வாசனையைக் கொஞ்சமாக, விட்டு விட்டு வெளியிடும். வண்டு ஆண் பூ என்று நினைத்துப் போகும், உள்ளே நுழைந்து தேடும், ஏமாந்து திரும்பும், திரும்புவதற்குள் உடம்பில் இருந்த மஞ்சள் தூள் பெண் பூவில் ஒட்டியிருக்கும். அவ்வளவுதான் சூத்திரம்.

அயல்நாட்டுப் பூச்சியை அப்படியே அவிழ்த்துவிட முடியாது. தென்னை முதற்கொண்டு மற்ற பயிர்களைத் தொடுகிறதா என்று அடைத்து வைத்துச் சோதித்தார்கள். தொடவில்லை. 1981 பிப்ரவரியில் ஜொகூரில் ஒரு தோட்டத்தில் திறந்துவிட்டார்கள், அடுத்து சபாவில். அப்புறம் அதை யாரும் கையில் பிடித்துக் கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை, தானே பரவிக்கொண்டது. குலையில் பாதிக்குச் சற்று மேல் காய் பிடித்துக்கொண்டிருந்த தீபகற்பத்தில் அது 70 விழுக்காட்டுக்குப் போனது. பொடி அடிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. உங்களுக்கு அன்றைக்கு "இனிமேல் வேண்டாம்" என்று சொன்ன வாயின் பின்னால் இருந்தது இந்த வண்டுதான், பாட்டி.

இதில் என் மனத்தாங்கல் ஒன்று. கேமரூனிலிருந்து வண்டு வந்த கதை மேலே இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. நாள் முழுக்க முள்ளுக்குள் கைவிட்ட பெண்களுக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை, நாற்பது வருஷத்துக்கு மேலாக நீங்கள் அதைப் பேரப்பிள்ளைகளிடம் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. ஒரு பெரட்டில் ஐந்து நிமிடம் போதுமே, "அம்மா, உங்கள் வேலையைச் செய்ய ஒரு பூச்சி வந்திருக்கிறது" என்று சொல்ல. சம்பளம் கேட்காத ஆள் கிடைத்த பிறகு சம்பளம் வாங்கியவர்களிடம் விளக்கம் எதற்கு என்று நினைத்திருப்பார்கள் போல.

செந்தூல் அம்மா, பையனை ஒரு சனிக்கிழமை கிள்ளானுக்கு அழைத்துப் போக முடியுமானால் எனக்கு எழுதுங்கள், பேத்தி வழியாகப் பாட்டியிடம் கேட்டுச் சொல்கிறேன். போத்தலை எப்படி அமுக்குவது என்று அவர் கையால் காட்டினால் அதற்கு மேல் எந்தக் கொமோடோ படம் வேண்டும்?

கேள்வி: பினாங்கு தாவரத் தோட்டத்தில் காலையில் நடக்கப் போகிறேன், தைப்பூசத்துக்குப் போகிற தண்ணீர்மலைக்குப் பக்கத்தில்தான். ஓடையிலிருந்து ஒன்று ஏறி வந்தது, என் உயரத்துக்கு இருக்கும். சுற்றுலா வந்தவர்கள் "கொமோடோ! கொமோடோ!" என்று கத்தினார்கள். அது கொமோடோ குட்டியா? (ஜார்ஜ்டவுன் வாசகர்)

பதில்: கொமோடோ இல்லை, குட்டியும் இல்லை, நம் பியாவாக், அதாவது நீர் உடும்பு. ஒரே குடும்பம், ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உயரம் எவ்வளவு என்று எழுதவில்லை, ஆனால் ஒன்றரையிலிருந்து இரண்டு மீட்டர் நீர் உடும்புக்குச் சாதாரணம். இலங்கையில் கண்டி ஏரிப் பக்கம் 3.21 மீட்டரில் ஒன்று பதிவாகியிருக்கிறது, நீளத்தில் அது கொமோடோவின் பதிவையே தாண்டுகிறது, எடையில் பக்கத்தில் வராது. நீர் உடும்புக்கு உடம்பு ஒல்லி, வால் பக்கவாட்டில் தட்டையாகத் துடுப்பு மாதிரி, மேலே மஞ்சள் புள்ளி வரிசை. கத்துகிறவர்களிடம் வாலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கெப்போங்கில் எங்கள் தாமானின் (குடியிருப்பின்) பெரிய லோங்காங்கில் (சாக்கடையில்) ஒரு பியாவாக் குடியிருக்கிறது. வீட்டுக்காரர் அடித்துவிடலாம் என்கிறார். எங்களிடம் இரண்டு பூனைக்குட்டிகள் வேறு. என்ன செய்வது? (கெப்போங் வாசகி)

பதில்: அடிக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள், 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது பாதுகாக்கப்பட்ட விலங்கு, உரிமம் இல்லாமல் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். அடிக்கப் போனால் அது வாலால் திருப்பி அடிக்கும், அது வேறு விஷயம்.

அது ஏன் அங்கே இருக்கிறது என்று பாருங்கள். தாமானில் குப்பை இருந்தால் எலி, எலி இருந்தால் பியாவாக். மீன், நண்டு, எலி, முட்டை, செத்தது, அழுகியது எல்லாம் அதற்குச் சாப்பாடு, ஒரு வகையில் நகராட்சி செய்யாத வேலையைச் செய்கிறது. பூனைக்குட்டிகளைப் பகலில் உள்ளே வையுங்கள், பெரிய உடும்பு குட்டியை விழுங்கும், அதில் சந்தேகமில்லை. குப்பைத் தொட்டியை மூடுங்கள், மீன் கழுவிய தண்ணீரை லோங்காங்கில் ஊற்றாதீர்கள். வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டால் கதவைத் திறந்து வைத்து விலகி நில்லுங்கள், போகாவிட்டால் 999-ஐ அழைத்துப் பொது தற்காப்புப் படையைக் கேளுங்கள். தப்பித்தவறி கடித்துவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு உட்காராமல் கிளினிக்குக்குப் போங்கள்.

இங்கேயும் நம் வண்டு வந்து நிற்கிறது, செந்தூல் தம்பிக்காகச் சொல்கிறேன். செம்பனைத் தோட்டத்தில் எலிகள் வாடிய ஆண் பூவைக் குடைந்து வண்டுப் புழுக்களைத் தின்னும், 1981-க்கு முன் அவற்றுக்குக் கிடைக்காத தீனி இது. அந்த எலியைப் பிடிக்க ஆந்தைக் கூண்டு வைக்கிறார்கள், அது போதாதென்று பியாவாக்கும் வரிசைக்குள் வந்து எலி பிடிக்கிறது. ஆக வண்டை எலி தின்ன, எலியை உடும்பு தின்ன, ஒரு தோட்டத்துக்குள்ளேயே சங்கிலி முடிந்துவிடுகிறது. வண்டும் உடும்பும் சண்டை போட்டால் யார் ஜெயிப்பார் என்று வகுப்பில் யாராவது கட்டாயம் கேட்பான், அப்போது இதைச் சொல்லலாம். கொமோடோ என்றே பிடிவாதம் பிடித்தால் அங்கே செம்பனை இல்லை, புல்வெளியும் முட்காடும்தான், அதனால் இந்த வண்டைச் சந்திக்க வாய்ப்பில்லை. ஆனால் கொமோடோ குட்டிகள் பெரியவை தங்களைத் தின்றுவிடும் என்று பயந்து மரத்தின் மேலேயே வளர்கின்றன, அங்கே அவற்றுக்குச் சாப்பாடே வெட்டுக்கிளி, பல்லி, வண்டு வகைகள்தான்.

கேள்வி: உடும்புக் கறி இளைப்புக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா? (பெயர் வேண்டாம் என்று எழுதியவர்)

பதில்: இல்லை. சட்டச் சிக்கல் ஒரு பக்கம், லோங்காங்கில் எலியும் செத்த பூனையும் தின்று வளர்ந்த பிராணியின் கறியில் கிருமியும் புழுவும் இருக்கும் என்பது இன்னொரு பக்கம். இளைப்புக்கு அரசாங்க கிளினிக்கில் மருந்து இருக்கிறது. உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும் என்று பழமொழியே சொல்லிவிட்டது. கஞ்சிராவுக்குக்கூட உடும்புத் தோலை விட்டு ஆட்டுத் தோலுக்கு வந்துவிட்டார்கள், நமக்கு என்ன?

கேள்வி: பட்டர்வொர்த்தில் என் வீட்டுத் தென்னை குருத்து சாய்ந்து செத்துவிட்டது. கூன்வண்டு என்றார் பக்கத்து வீட்டுக்காரர். செம்பனைக்காகக் கொண்டுவந்த வண்டுதான் இப்போது தென்னையைத் தின்கிறது என்கிறார். சரியா? (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் பாதி சரி. கூன்வண்டாக இருக்கலாம், ஆனால் இது வேறு ஆள்: சிவப்புக் கூன்வண்டு, மூன்று நான்கு சென்டிமீட்டர், கட்டை விரல் நீளத்துக்குத் துருப்பிடித்த நிறத்தில் இருக்கும். செம்பனைப் பூ வண்டைப் பத்து ஒட்டினால் இது ஒன்று. அதன் புழு தண்டுக்குள்ளேயே குடைந்து தின்னும், வெளியே தெரியும்போது பெரும்பாலும் மரம் போய்விட்டது. பூ வண்டு தென்னையைத் தொடாது. இன்னொரு பகைவனும் இருக்கிறான், காண்டாமிருக வண்டு, அவன் குருத்தைத் துளைத்தால் விரிந்த ஓலை கத்தரியால் முக்கோணமாக வெட்டினாற்போல் இருக்கும். காய்ந்த ஓலைகளில் அந்த வெட்டு இருக்கிறதா பாருங்கள். எதுவானாலும் செத்த மரத்தை அப்படியே போட்டு வைக்காதீர்கள், இரண்டு வண்டுகளுக்கும் அதுதான் பிரசவ அறை. விவசாயத் துறை அலுவலகத்தில் சொல்லிவிட்டு வெட்டி அழித்துவிடுங்கள், மற்ற தென்னைகளில் பச்சை மட்டையை வெட்டிக் காயம் பண்ணாதீர்கள், அந்த வாடைக்குச் சிவப்பன் வந்துவிடுவான்.

கேள்வி: பள்ளி விடுமுறையில் கோல சிலாங்கூர் கம்போங் குவாந்தானுக்குப் பிள்ளைகளோடு மின்மினி பார்க்கப் போகிறோம். மின்மினி ஈயா, பூச்சியா, வண்டா என்று வீட்டில் பந்தயம். (செலாயாங் வாசகர்)

பதில்: வண்டு என்று சொன்னவருக்குக் காசைக் கொடுங்கள். அங்கே பெரெம்பாங் மரத்தில் ஆயிரக்கணக்கில் சேர்ந்து ஒரே தாளத்தில் மின்னுவது அரிசியளவே உள்ள வண்டுகள்தான். மினுக்கிக்கொண்டு சாதுவாகத் தெரிகிறது, ஆனால் அதன் புழுப் பருவம் ஆற்றோரச் சேற்றில் சின்ன நத்தைகளை வேட்டையாடித் தின்னும் பருவம். வேட்டைக்காரப் பல்லியோடு ஒப்பிட இந்த வண்டைக் கொடுத்திருந்தால் தம்பி அழுதிருக்கவே மாட்டான். நிலா இல்லாத இரவாகப் பார்த்துப் போங்கள், படகில் ஏறியதும் எல்லோருடைய கைப்பேசி விளக்கையும் அணைக்கச் சொல்லிவிடுங்கள், முக்கியமாக உங்களுடையதை.